ஏழு சூலம் நின்ற வேலி

நகராண்மைக் கழகத்தில் வேலி, மதில், வாசல் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு,

போன மாதம் உங்களில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தீர்கள். பழைய ஆளாயிற்றே, ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். தேத்தண்ணி கொடுத்து, எதையெதையோ பேசி அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், அதனாலும் வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். நான் லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், மலாய்ப் பள்ளியில் மூன்று வருஷம், அவ்வளவுதான் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகன் துணையிருக்கட்டும்.

அன்றைக்கு உங்களில் ஒரு தங்கச்சி சிரித்துக்கொண்டே கேட்டாள். "அங்கிள், ரோடு, பாலம், மார்க்கெட்னு எல்லாரும் பெரிய வேலை பாக்கறாங்க. நமக்கு வேலி. வேலியில என்ன லா இருக்கு?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விதி சின்னது. நடைபாதையை ஒட்டிய வேலியில் முள்கம்பி கூடாது. மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கக் கூடாது. தகரம் வைத்து மறைக்கக் கூடாது. கரண்டு கம்பி என்றால் கேட்கவே வேண்டாம். கூராக எது இருந்தாலும், நடந்து போகிற ஆளுடைய தலைக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் எடுக்க வேண்டும். இதை ஒரு நாளில் படித்துவிடலாம். மற்றதெல்லாம் நடக்கும்போது வருவது.

நான் பயந்தவன் இல்லை என்று பெயர் எடுத்திருந்தேன். அரசாங்கத்தில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர், நான்கு கார் வைத்திருப்பவர், தன் மதில் மேல் கரண்டு கம்பி இழுத்திருந்தார். நான்கு முறை போனேன். நாயை அவிழ்த்துவிட்டார், ஆள் வைத்துப் பேசினார். ஐந்தாவது முறை அவரே ஏணி போட்டு நின்று கம்பியைக் கழற்றினார். ஆபீசில் எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். மனிதருக்குப் பயப்படாதவன் எதற்குமே பயப்படாதவன் என்று நானும் நம்பிவிட்டேன். இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதை நீங்கள் நம்ப வேண்டும்.

நான் பென்ஷன் வாங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள். பெயர் கலா. தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தாள், வேலை முடிந்து நேராக வந்தவள். கணவர் இல்லை. ஒரே பெண் பிள்ளை, ரூபிணி, ஒன்பது வயது. கலா போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள்.

"அண்ணே, இது எங்க தாமான்ல முனை வீடு. வேலியப் பாருங்க."

பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குக் கல்சுவர். அதன் மேல் வரிசையாக இரும்புச் சூலம். ஏழு. சாதாரண அலங்காரச் சூலம் இல்லை. கோவிலில் நட்டு வைத்த சூலம். நடு முனையில் ஒவ்வொன்றிலும் ஒரு எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது.

"எம் பிள்ளைக்கு வலிப்பு இருக்குண்ணே. எப்ப வரும்னு தெரியாது. ஸ்கூல் வேன் அந்த முனையிலதான் நிக்கும், உள்ள வராது. எனக்கு ஆறே காலுக்கெல்லாம் ஃபேக்டரி பஸ். அவ தனியாதான் நிக்கறா. எதிர்ப்பக்கம் பெரிய லோங்காங், அங்க நிக்க முடியாது. இந்த வேலிய ஒட்டித்தான் எல்லாப் பிள்ளைங்களும் நிக்குது." பிறகு மெதுவாகச் சொன்னாள். "அவ விழுந்தா இது மேலதான் விழுவா."

விஷயம் இவ்வளவுதான். இதைவிடத் தெளிவாக ஒரு புகார் எனக்கு முப்பது வருஷத்தில் வந்ததில்லை. லோங்காங் என்றால் தெரியுமே, சாலையோரப் பெரிய வடிகால். ஒரு பக்கம் அது, மறுபக்கம் சூலம், நடுவில் வலிப்புள்ள பிள்ளை.

மறுநாள் போனேன். ஹாஷிம் வண்டி ஓட்டினான். பதினெட்டு வருஷம் என்னோடு ஒரே வண்டியில் சுற்றியவன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான், தமிழ் பாதி பேசுவான், மீதி புரிந்துகொள்வான். அந்தத் தாமான் ஒரு பழைய பால்மரத் தோட்டத்தை வெட்டிக் கட்டிய குடியிருப்பு. மூன்று பக்கம் செம்பனை. நடுப்பகல் பன்னிரண்டரை. வண்டியை நிறுத்தியதும் ஹாஷிம் இறங்கவில்லை.

"அண்ணே, நாயப் பாருங்க."

சாலைக்கு அந்தப் பக்கம், வடிகால் ஓரமாக, தெருநாய் ஐந்தோ ஆறோ. வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் அந்த வேலியைப் பார்த்தபடி. குரைக்கவில்லை. கொளுத்துகிற வெயிலில் நிழலுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தன.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு வேலிக்கு வந்தேன். உயரம் அளந்தேன். கூர்முனை என் நெஞ்சுக்கு வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எங்கே வரும் என்று நினைத்துப் பார்த்து, எழுதினேன். முதல் சூலம் கொஞ்சம் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தது. நேராக இருக்கிறதா என்று பார்க்க அதைப் பிடித்தேன்.

சில்லென்று இருந்தது. நடுப்பகல் வெயிலில் காலையிலிருந்து நின்ற இரும்பு. பக்கத்து வீட்டுக் கேட்டைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. திரும்ப வந்து இதைத் தொட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த மாதிரி சில்லிப்பு. கையில் பிடித்திருந்த டேப் தானாகச் சுருண்டு உள்ளே போய்விட்டது. நான் விட்டேனா, அது இழுத்ததா, தெரியவில்லை.

வீட்டுக்காரர் வெளியே வந்தார். வீரையா. என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் ராத்திரிக் காவல். தூங்கி எழுந்த முகம்.

"வாங்க சார். யாரோ கம்ப்ளேன் பண்ணியிருப்பாங்கன்னு தெரியும்."

"அண்ணே, இது கோவில் சூலமாச்சே. எங்க எடுத்தீங்க?"

"எடுக்கலை சார். காப்பாத்துனேன்." கையைக் காட்டினார். செம்பனைக்குள் ஒரு மேடு தெரிந்தது. "அங்க முனியாண்டி இருந்தாரு. எங்க தோட்டத்து எல்லைச் சாமி. நெலத்த வித்தப்ப மேடைய ஒடைச்சிட்டானுங்க. சூலத்தையெல்லாம் புடுங்கி பழைய இரும்பு லோரியில வீசிக்கிட்டு இருக்கானுங்க. எனக்கு வயிறு எரிஞ்சிருச்சு. மோட்டார் சைக்கிள்ல ரெண்டு ரெண்டா கொண்டாந்தேன். ரெண்டு மூணு கோவில்ல கேட்டேன், யாரும் வாங்கிக்கல. வேற எடத்துச் சாமி, எங்களுக்கு வேணாம்னுட்டாங்க. வீட்டுக்குள்ள வைக்கலாமா? எல்லைச் சாமி வாசல்லதானே நிக்கணும்? அதான் வெல்டிங் வச்சேன்."

"பூசாரி யாரையும் கூப்பிட்டு முறை செஞ்சீங்களா?"

"யாரு இருக்கா? எங்க பூசாரி செத்துப் பத்து வருஷம் ஆச்சு."

நானும் தோட்டத்துப் பிள்ளை. உங்களில் டவுனில் பிறந்தவர்களுக்குச் சொல்கிறேன். மேடையில் நட்டு, பலி கொடுத்து, வருஷா வருஷம் கும்பிட்ட சூலத்தைச் சும்மா பிடுங்கக் கூடாது. அதில் இருப்பதைக் கும்பத்தில் இறக்கி, வேறு இடத்தில் ஏற்றிய பிறகுதான் இரும்பு இரும்பாகும். இங்கே யாரும் இறக்கவில்லை. அப்படியென்றால் அது இன்னும் அதிலேயே இருக்கிறது. ஒரு வீட்டு வேலியாக, வெல்டிங் வைத்துக் கட்டிப்போட்ட மாதிரி.

"பழம் நல்லா புதுசா இருக்கே. தினம் மாத்துவீங்களா?" என்றேன், பேச்சை மாற்ற.

வீரையா என் முகத்தைப் பார்த்தார். "நான் வைக்கலை சார்."

"வீட்டுல?"

"அவளும் வைக்கலை. நான் வேலை முடிஞ்சு காலையில வருவேன். வாடிப்போன பழம் போயிருக்கும், புதுசு இருக்கும். ரெண்டு மாசமா நடக்குது. யார் வைக்கறான்னு தெரியலை. நான் கேக்கறதும் இல்லை."

நாய்களில் ஒன்று எழுந்து, திரும்பி, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது.

நான் விதியைச் சொன்னேன். கூர்முனை தலை உயரத்துக்குக் கீழே இருக்கிறது, எடுக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. சூலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க எழுத்துல கொடுங்க சார். அப்பறம் நான் பாத்துக்கறேன்."

அதை நான் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். கொடுத்துத்தான் பார், என்ன ஆகிறது என்று சொல்கிற மாதிரி காதில் விழுந்தது.

திரும்பும் வழியில் வண்டிக்குள் சுருட்டு வாசம், முனியாண்டிக்குப் படைக்கிற சுருட்டு. ஹாஷிம் சிகரெட்கூடப் பிடிக்காதவன். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கினான். வாசம் போகவில்லை. பின் இருக்கையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஹாஷிம் வாய்க்குள் துவா ஓதிக்கொண்டே ஓட்டினான். பசார் பக்கம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஆளை ஏத்திட்டு வந்துட்டோம்னு நினைக்கறேன். நீங்க இறங்கிப் பேசுங்க. உங்க ஆளுதானே."

நான் இறங்கி, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்கப்பா" என்றேன். பசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். வாசம் போய்விட்டது. ஹாஷிம் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

இருந்தாலும் நோட்டீஸ் அடித்தேன். அது என் வேலை. இரண்டாவது முறை போனபோது மழை. வீரையா வெளியே போயிருந்தார், அவர் மனைவி மகள் வீட்டில். காத்திருந்து கையில் கொடுத்திருக்கலாம். அந்த வேலிக்குப் பக்கத்தில் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. பசை தடவி கேட்டுத் தூணில் ஒட்டினேன், படம் எடுத்தேன், வண்டியில் ஏறிவிட்டேன். நோட்டீஸ் ஒட்டிய படம் என் போனில் இருந்தது.

மறுநாள் காலை நான் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றப் போனபோது என் வீட்டுக்காரி கூப்பிட்டாள்.

"என்னங்க, ஆபீஸ் காயிதத்தை இப்படி வாசல்ல போட்டு வச்சிருக்கீங்க. மிதிச்சுடப் போறேன்."

என் வீட்டு வாசல்படியில், மஞ்சள் பூசிய நிலைக்குக் கீழே, அந்த நோட்டீஸ் கிடந்தது. வீரையா பெயர், என் கையெழுத்து, பின்பக்கம் காய்ந்த பசை. கிழியவில்லை. ஒரு மடிப்புகூட இல்லை. அந்தத் தாமானுக்கும் என் வீட்டுக்கும் அரை மணி நேர வண்டி ஓட்டம்.

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் ஈரப் பசை, மழை, நான் மடக்கிக் கொண்டுவந்த குடை, இப்படி ஏதாவது காரணம் சொல்லலாம். குடையில் ஒட்டி வந்து வாசலில் விழுந்திருக்கலாம். ஆனால் நான் ஏறும்போது அது தூணில்தான் இருந்தது. ஹாஷிமும் பார்த்தான். அன்றைக்கு நான் காரணம் தேடவில்லை. பூசை அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். விளக்கு ஏற்ற மூன்று குச்சி ஆனது.

எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இதை என் வீட்டுக்குக் கொண்டு வரத் தெரிந்ததற்கு, வேறு எதைக் கொண்டு வரத் தெரியாது? அப்படித்தான் மனசு ஓடியது. நோட்டீஸைக் கோப்பில் வைத்தேன். கோப்பை மேசையின் கடைசி அறையில் வைத்தேன்.

என் பெரிய பிழை இதற்குப் பிறகுதான். பயந்ததைப் பிழை என்று சொல்ல மாட்டேன். பயம் யாருக்கும் வரும். அந்தப் பயத்துக்கு நான் போட்ட சட்டையைச் சொல்கிறேன்.

எங்கள் பிரிவுத் தலைவி ஒரு மலாய்க்கார அம்மா, புவான் என்றுதான் கூப்பிடுவோம், நல்லவர், வேலையில் கெட்டி. மாதக் கூட்டத்தில் கேட்டார், அந்த முனை வீட்டு வேலி என்ன ஆயிற்று என்று. நான் சொன்னேன்: "புவான், அது சமயம் சம்பந்தப்பட்டது. கோவில் பொருள். கவனமாப் போகணும்." சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இந்த நாட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் மலாய் அதிகாரி எவரும் மேலே கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் தலையாட்டினார். "இந்து ஆள் நீங்கதான். உங்களுக்குத்தான் தெரியும். நீங்க முடிவு பண்ணுங்க." என்னை நம்பினார். அடுத்த மாதமும் கேட்டார், நான் அதையே சொன்னேன். அப்புறம் கேட்கவில்லை.

கலா கேட்டுக்கொண்டே இருந்தாள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவாள். ஒரு தடவை நேரிலும் வந்தாள்.

"என்னண்ணே, மூணு மாசம் ஆச்சு."

"நடவடிக்கையில இருக்கும்மா."

"நடவடிக்கைன்னா அது எங்க இருக்கு? மேல இருக்கா, உங்ககிட்ட இருக்கா?"

"மேல," என்றேன். என் முழங்காலுக்குப் பக்கத்து மேசை அறையில் இருந்தது.

"பிள்ளைக்குப் போன வாரம் ரெண்டு தடவை வந்துச்சுண்ணே. வீட்டுல. நல்ல வேளை." போகும்போது கவுண்டர் கண்ணாடி வழியாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நடுவில் ஒரு நாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனோம். ஹாஷிம் வேகம் குறைக்காமல் ஓட்டினான். நான் பார்த்தேன். ஏழு சூலம், ஏழு புதுப் பழம். நாய்கள் அதே வரிசை. இன்னும் புதுப் பழம் வருகிறது என்றால் அது இன்னும் விழித்திருக்கிறது என்றுதான் நான் அர்த்தம் செய்துகொண்டேன். என்னை எச்சரிக்கிறது, கிட்டே வராதே என்று.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி, சரியாக வெளிச்சம் வரவில்லை, செம்பனைப் பக்கமிருந்து மூடுபனி சாலைக்கு வந்திருந்தது என்று வேன்காரர் பிறகு சொன்னார். அவர் முனையில் திரும்பும்போது பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ரூபிணி வேலி மேல் கிடந்தாள். வலிப்பில் உடம்பு இன்னும் உதறிக்கொண்டிருந்தது. சாய்ந்திருந்த அந்த முதல் சூலம்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கண் போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும் என்றார்கள்.

செய்தி ஆபீசுக்கு எட்டரைக்கு வந்தது. நான் மேசையின் கடைசி அறையைத் திறந்து கோப்பை எடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் புவான் அறைக்குப் போய் அவர் மேசை மேல் வைத்தேன். என் வாசலுக்குத் திரும்பி வந்த நோட்டீஸ் மேலேயே இருந்தது. தேதியைப் பார்த்தார். என்னை அவர் திட்டவில்லை. "அண்ணே, நான் உங்ககிட்ட கேட்டேனே" என்று மட்டும் சொன்னார். என் மேல் விசாரணை நடந்தது, கடிதம் வந்தது, சம்பள உயர்வு நின்றது. அதெல்லாம் சரியாகத்தான் நடந்தது, அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கலா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் தொழிற்சாலைச் சட்டைதான். நான் நின்றேன். எனக்குச் சொல்ல வந்தது இதுதான், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

"அது சாதாரண வேலி இல்லம்மா. அந்தச் சூலத்துல சாமி இருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு. யாரும் வைக்காமலே பழம் வந்துச்சு..."

"நான் வச்சேன்," என்றாள் கலா.

எனக்குப் புரியவில்லை.

"பழம் நான்தான் வச்சேன். வாரத்துக்கு ரெண்டு தடவை. பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்ன, இருட்டுல. முனை குத்தாம இருக்கட்டும்னு. சாமிக்கு இல்லண்ணே. எம் பிள்ளைக்கு." அவள் சத்தம் உயரவே இல்லை. "கம்ப்ளேன் பண்றதுக்கு முன்னயே ஆரம்பிச்சது. அப்பறம் நீங்க வருவீங்க வருவீங்கன்னு ஏழு முனையிலயும் பழத்தைக் குத்திக்கிட்டே இருந்தேன். ஆடி வெள்ளின்னு அந்த வீட்டு அண்ணன் நேத்து சாயங்காலம் பழசையெல்லாம் எடுத்துட்டாராம், இன்னைக்குப் புதுசு வைக்கலாம்னு. எனக்குத் தெரியாது. இன்னைக்கு பஸ் சீக்கிரம் வந்துருச்சு, நான் பாக்கல."

பெஞ்சுக்குப் பக்கத்தில் தண்ணீர் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அவள் மறுபடி பேசினாள்.

"சாமி மேல பழி போடாதீங்கண்ணே. சாமி நோட்டீஸ் கொடுக்காது. நீங்கதான் கொடுக்கணும்."

தம்பி தங்கச்சிகளே, நான் மூன்று மாதம் சாமியின் எச்சரிக்கை என்று நினைத்து விலகி நின்றேனே, அது ஒரு தாய் எனக்காகக் காத்திருந்த அடையாளம்.

சனிக்கிழமை நானே போய் செர்காம் பக்கமிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்தேன். வீரையா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. பூசாரி கும்பம் வைத்தார், நூல் சுற்றினார், ஒவ்வொரு சூலமாக இறக்கினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கப்புறம் வெல்டிங்காரர் வந்து அறுத்தார். சூலங்களை அந்தப் பூசாரியே தன் கோவிலுக்கு எடுத்துக்கொண்டார். சந்தோஷமாக. அவ்வளவு சுலபம்.

கடைசிச் சூலம் வந்தபோது வீரையா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் எழுத்துல கொடுங்கன்னு கேட்டேனே. ஏன் சார் கொடுக்கலை? எனக்கே அதப் பாக்க பயம் சார். நானா எடுத்தா குத்தம் ஆயிடும்னு இருந்தேன். கவர்மெண்ட்ல எழுதிக் கொடுத்துட்டாங்கப்பான்னு அதுகிட்ட சொல்லிக்கலாம்னு பாத்தேன். கம்ப்ளேன் வரட்டும், நோட்டீஸ் வரட்டும்னு காத்துக்கிட்டே இருந்தேன் சார்."

அவரும் காத்திருந்தார். கலாவும் காத்திருந்தாள். இருவரும் என் ஒருவனுக்காகவே காத்திருந்தார்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். ரூபிணி ஆஸ்பத்திரியில் கண் கட்டோடு படுத்திருந்தபோது தன் அம்மாவிடம் ஒன்று சொன்னாள். கலா அதை என்னிடம் சொன்னாள், என்னை மன்னித்த பிறகு இல்லை, அதற்கு முன்னாலேயே. அந்தக் காலை வேலிக்கு உள்பக்கம் ஒரு தாத்தா நின்றாராம். மூடுபனியில் முகம் தெரியவில்லையாம். சுருட்டு வாசம் வந்ததாம். இரண்டு கையையும் இப்படி இப்படி ஆட்டி, போ போ, கிட்ட வராதே என்று காட்டிக்கொண்டே இருந்தாராம். அவள் பின்னால் நகரத்தான் பார்த்தாளாம். அதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

வீரையா அப்போது வேலையில் இருந்தார். அந்த வீட்டில் தாத்தா யாரும் கிடையாது.

வலிப்பு வருவதற்கு முன் சில பிள்ளைகளுக்கு இல்லாத வாசமும் உருவமும் தெரியும் என்று டாக்டர் கலாவிடம் விளக்கினாராம். இருக்கலாம். நான் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அங்கே ஏதாவது இருந்திருந்தால், அது நான் நினைத்த பக்கத்தில் இருந்திருக்கவில்லை. கலா நின்ற பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. என் வாசல்படிக்கு நோட்டீஸ் வந்தது கூட, வேண்டாம் என்று சொல்வதற்காகவா வந்தது? தூணில் ஒட்டிவிட்டு ஓடாதே, கையில் கொடு என்று சொல்ல வந்திருக்கக் கூடாதா? அப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. பயந்தவனுக்கு எல்லாம் ஒரே அர்த்தம்தான் தெரியும்.

உங்களுக்கு விதிப் புத்தகம் இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார், இப்போது டேப்கூட வேண்டாம், போனிலேயே அளக்கிறீர்கள். வேலிக்கு உள்ளே சாமி இருக்கலாம், பேய் இருக்கலாம், பட்டம் வாங்கியவர் இருக்கலாம். நீங்கள் வெளியே, நடைபாதையில் நின்று அளங்கள். அங்கே நிற்கப் போகிறவருடைய உயரத்துக்கு அளங்கள். உங்களுக்குப் பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று மேலே சொல்லுங்கள். வேறு பெயர் வைத்துச் சொல்லாதீர்கள். நான் புவானிடம் அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் ஹாஷிமையும் இன்னொருவரையும் அனுப்பியிருப்பார்.

ரூபிணிக்கு இப்போது பதினாறு வயது. வலிப்பு மருந்தில் அடங்கிவிட்டது. போன தைப்பூசத்தில் கோவில் மண்டபத்தில் பார்த்தேன். தண்ணீர்ப் பந்தலில் நின்று எல்லாருக்கும் குவளை நீட்டிக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் பார்ப்பேன், முகத்துக்கு நேரே போக மாட்டேன். அவளுடைய இடது பக்கமாகவே போய், ஓரமாகக் குவளையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அந்தப் பக்கம் நான் நிற்பது தெரியாது என்று எனக்குத் தெரியும்.

இந்த முறை கலா அவள் காதில் ஏதோ சொன்னாள். பிள்ளை குவளையைக் கையில் வைத்துக்கொண்டு முழுதாகத் திரும்பினாள்.

"இந்தப் பக்கம் வாங்க அங்கிள்," என்றாள். "அங்க நின்னா எனக்கு உங்களத் தெரியாது."

நான் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் போய் நின்றேன்.